மேஸ்திரியின் முதுகில் ஒரு மாமரம்

குபேரா கார்டன் என்று பெயர் வைத்த அந்த அடுக்ககத்தில் குபேரனும் இல்லை, தோட்டமும் இல்லை. இருந்த ஒரே வேப்பமரத்தையும், காரின் மேல் இலை கொட்டுகிறது, காக்காய் உட்கார்ந்து எச்சம் போடுகிறது என்று சங்கக் கூட்டத்தில் கைதூக்கி முடிவெடுத்து வெட்டிச் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் பச்சை பிளாஸ்டிக் புல்லை விரித்து, புல்லை மிதிக்காதீர் என்று பலகையும் நட்டு வைத்த மகா புத்திசாலிகள் அங்கே குடியிருந்தார்கள். கோயம்புத்தூரில் வடவள்ளிப் பக்கம் போனால் இப்படிப்பட்ட புத்திசாலிகளை மாடி மாடியாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அந்த இடத்தில்தான், ஐப்பசி அடைமழை விட்டு வெயில் முகம் காட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தரைத்தளத்துச் சாந்தாமணி வளர்த்த மேஸ்திரி என்கிற நாயின் முதுகில், செந்தளிரும் தானுமாக ஒரு மாங்கன்று முளைத்து நின்றது.

சாந்தாமணி ரவிக்கை தைக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை பிறக்கவில்லை, தையல் மிஷினும் நாயும்தான் வீட்டில். அந்த அடுக்ககத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் அளவெடுத்தவள் அவள்தான். எவள் எவ்வளவு மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவு கொடுப்பாள், கொடுத்துவிட்டுப் பிறகு கை பிடிக்கிறது, கழுத்து இறங்குகிறது என்று எப்படிச் சண்டைக்கு வருவாள் என்று தெரிந்தவளுக்கு மனிதர்கள் மேல் என்ன பெரிய மரியாதை இருந்துவிடப் போகிறது? இருந்த மரியாதையை எல்லாம் நாய்க்குக் கொடுத்தாள்.

நாய்க்கு மேஸ்திரி என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. அது செவலை நிறத்து நாட்டுக் குட்டியாக வந்து சேர்ந்த காலத்தில் இரண்டாவது கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் ஒவ்வொரு தூணாகப் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, சுற்றிச் சுற்றி மோந்து, திருப்தியானால் காலைத் தூக்கி முத்திரை வைத்துவிட்டுத்தான் அடுத்த தூணுக்குப் போகும். கொத்தனார்கள்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். மேஸ்திரி சம்மதம் கொடுக்காத தூண் ஒன்றுகூட அந்தக் கட்டடத்தில் கிடையாது.

போன வருஷம் கால்நடை டாக்டர் நவநீதம் மேஸ்திரியை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, நாயைக் கூட்டிட்டு வரச் சொன்னா நெல்லு மூட்டையைக் கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டார். சோற்றைப் பாதியாகக் குறைத்துக் காயும் பழமும் சேர்க்கச் சொன்னார். அன்றிலிருந்து சாந்தாமணி வீட்டில் நாய்க்கென்று தனிக் கத்தி, தனிப் பலகை. ஆப்பிளை நறுக்கி நடுத்தண்டையும் விதையையும் நோண்டி எடுத்துவிடுவாள். தர்பூசணியில் ஒரு கறுப்பு விதை தங்காது. பரங்கிக்காயை உப்பில்லாமல் ஆவியில் வேகவைத்து, வெள்ளரிக்காயைப் பொடியாக அரிந்து, கேரட்டைச் சீவி, பீன்ஸை நாரெடுத்து, வட்டிலில் போட்டு ஊதி ஆறவைத்து நீட்டுவாள். வெங்காயமும் பூண்டும் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அவன் வட்டிலைத் தொடமாட்டாள். திராட்சையை வீட்டுக்குள்ளேயே சேர்ப்பதில்லை. "ஒரு கொத்துப் போதுங்கம்மா, கிட்னியை முடிச்சுப் போடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இதைப் பார்த்து அடுக்ககமே சிரித்தது. சங்கத் தலைவர் அவிநாசியப்பன், மோட்டார் பம்ப் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், உலகத்துத் தண்ணீரையெல்லாம் தானே இறைத்துவிட்ட நினைப்பில் நடப்பவர். அவர் மனைவி பாக்கியம் ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள்.

"ஏனுங்க சாந்தாமணி, எங்க பையனுக்கே நாங்க ஆப்பிளை முழுசா நீட்டறோம். நாய்க்கு வெதை நோண்டிக் குடுக்கறீங்களாட்ட இருக்குது?"

"உங்க பையன் வெதையைத் துப்பீருவானுங்க. இவனுக்குத் துப்பத் தெரியாது."

"நாய்னா எலும்பைக் கடிக்கோணும்" என்றார் பின்னால் வந்த அவிநாசியப்பன். "கேரட் திங்கற நாய் காவலுக்கு ஆகுமா?"

அவர்தான் ஆனி மாதத்தில், பால்கனியில் நின்று செந்தூர மாம்பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தவர், கீழே வெயில் காய்ந்த மேஸ்திரியைப் பார்த்து, "இந்தா, நீயும் மனுசனாட்டத் தின்னு பாரு" என்று கொட்டையை வீசினார். நல்ல குறி. மேஸ்திரி அதை வாயால் பிடித்து அப்படியே விழுங்கிவிட்டான். சாந்தாமணி அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். எக்ஸ்ரேயில் கொட்டை வயிற்றில் தெரிந்தது. கீழே இறங்காமல் குடலை அடைத்தால் வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்றார் டாக்டர். அவள் சாப்பாடு தண்ணியில்லாமல் காவல் இருந்தாள். அடுத்த எக்ஸ்ரேயில் கொட்டையைக் காணோம், வெளியே வந்த மாதிரியும் தெரியவில்லை. அவன் வாலை ஆட்டிக்கொண்டு கேரட் கேட்டான். அவிநாசியப்பன் வந்து, "சும்மா கெடந்த நாயைச் சீக்காளி ஆக்கிப் போட்டீங்க" என்று அவளுக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் கன்று முளைத்தபோது டாக்டர் நவநீதம் மறுபடி படமெடுத்துப் பார்த்தார். "கொட்டை கீழ வரும்னு பார்த்தேன், மேல வந்துருக்குது. வேரு விலா எலும்பைச் சுத்தி ஓடுதுங்கம்மா. அவனுக்கு வலி இல்லை, வலி வர்றவரைக்கும் விட்டுருங்க. தண்ணி மட்டும் ரெண்டு பங்கு வெய்யுங்க." அவ்வளவுதான் சொன்னார், அடுத்த பூனையைக் கூப்பிட்டார்.

மார்கழிக்குள் மரம் சாந்தாமணியின் தோளுக்கு வந்துவிட்டது. மேஸ்திரி அதைச் சுமந்துகொண்டு, வாசற்படியில் தலை குனிந்தும், கட்டிலுக்கடியில் நுழைய முடியாமல் வருத்தப்பட்டும், மற்றபடி எப்போதும்போல் தூண்களை மோந்துகொண்டு திரிந்தான். சங்கம் கூடியது. நாய் போகிற இடமெல்லாம் சருகு கொட்டுகிறது என்றார்கள். நாய் என்றால் லிஃப்டில் ஏறக் கூடாது, மரம் என்றால் பொது இடத்தில் வளர்க்க அனுமதி வாங்க வேண்டும், இது இரண்டில் எது என்று ஒரு பகல் முழுக்க விவாதித்தார்கள். பஜ்ஜி தீர்ந்ததும் விவாதமும் தீர்ந்தது. தையில் பூ பிடித்தது. தேனீ வருகிறது என்று புகார் கொடுத்தார்கள். மாசியில் காய் தொங்கியது. அப்போது மட்டும் புகார் வரவில்லை.

முதல் பழம் அவிநாசியப்பனின் கார் பானட்டில் விழுந்து தெறித்தது. சண்டை போட இறங்கி வந்தவர், சிந்தியதை விரலால் வழித்து நக்கிப் பார்த்தார். மறுபடியும் வழித்தார். எறிந்த கொட்டையின் ருசி எங்கே, இந்தப் பழத்தின் ருசி எங்கே! மறுநாள் காலையில் அவர் மேஸ்திரியைப் பார்த்து, "வணக்கமுங்க" என்றார். அதற்கு மறுநாள் அடுக்ககமே வணக்கம் சொன்னது. நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் மேஸ்திரி பின்னாலேயே நடந்தார்கள், அவன் நின்றால் நின்றார்கள், உடம்பை உலுக்கினால் ஓடி வந்து பொறுக்கினார்கள். நாயின் வட்டிலைப் பார்த்துச் சிரித்த வாய்கள் எல்லாம் நாயின் முதுகிலிருந்து விழுந்ததைத் துடைக்காமல் தின்றன.

பிறகு ஆளுக்கொரு விதையோடு வந்தார்கள். பலாக்கொட்டை, சீதாப்பழ விதை, நாவல் கொட்டை. ஒருத்தி எலுமிச்சை விதையை வாழைப்பழத்துக்குள் ஒளித்து எடுத்துவந்தாள். அவள் மகளுக்கு ஊறுகாய் பிரியமாம். சாந்தாமணி எல்லோரையும் விளக்குமாற்றைக் காட்டி விரட்டினாள்.

"என்ற நாய் என்ன நர்சரியா? உங்க ஊட்டு மாமியாருக்குக் குடுத்துப் பாருங்க, மொளைக்குதான்னு."

இந்த ஏச்சை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வேண்டியது கிடைக்கிற இடத்தில் வெட்கப்படுகிற ஜாதி இல்லை அது.

பங்குனியில் பாக்கியம் செல்போனில் தேடிப் பார்த்து ஒரு உண்மையைக் கண்டுபிடித்தாள். பைரவருக்கு வாகனம் நாய். இத்தனை காலம் தெரு நாயைக் கல்லால் அடித்தபோது ஞாபகம் வராத பைரவர், மாம்பழம் தின்ற பிறகு ஞாபகத்துக்கு வந்தார். தேய்பிறை அஷ்டமிக்கு மேஸ்திரிக்கு அபிஷேகம் செய்வது என்று முடிவானது. பாக்கியமே பட்டுச் சேலையில் நேரில் வந்தாள். வந்து, வீட்டுக்குள் உட்கார்ந்து, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சாந்தாமணி கொடுத்த காபியைக் குடித்தாள்.

"அம்மிணி, நீங்கதான் முன்னால நிக்கோணும். உங்களுக்கு மொத வரிசையில சேர் போட்டு வெச்சிருக்குது. நீங்க இல்லாம நாங்க என்ன பண்ணிப் போடுவோம்?"

கைம்பெண் என்று வளைகாப்புக்கும் சீருக்கும் கூப்பிடாமல் ரவிக்கைக்கு மட்டும் தேடி வந்தவர்கள் இவர்கள். சாந்தாமணிக்கு இவர்கள் புத்தி நன்றாகவே தெரியும். தெரிந்தும், அந்த அம்மிணிக்கும் அந்த நாற்காலிக்கும் அவள் மனசு கொஞ்சம் இளகிவிட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

"தண்ணி ஊத்திக்கங்க, பொட்டு வெச்சுக்கங்க. திங்கறதுக்கு மட்டும் ஒண்ணும் குடுக்கக் கூடாதுங்க. திராட்சையைக் கண்ணுலயே காட்டக் கூடாது. செத்துப் போயிருவான்" என்றாள்.

"ஐயோ, குடுப்போமுங்களா?" என்று பாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அஷ்டமியன்று மேஸ்திரியைப் பிளாஸ்டிக் புல்லின் மேல், மிதிக்காதீர் பலகைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, அவன் கழுத்தில் அரளி மாலை போட்டார்கள். பாலும் இளநீரும் ஊற்றும்வரைக்கும் சாந்தாமணி முதல் வரிசை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அப்போது கல்யாண ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண்ணின் அம்மா, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்று கத்தினாள். சாந்தாமணி எழுந்து போய், ஊக்கு வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் அவிநாசியப்பன் பித்தளைத் தூக்கில் இருந்த பஞ்சாமிர்தத்தை மரத்தின் தூரில் ஊற்றி முடித்திருந்தார். வழிந்ததை மேஸ்திரி நக்கிக்கொண்டிருந்தான். போதாதென்று ஆளுக்கொரு கரண்டி அவன் வாயிலேயே ஊட்டினார்கள். அவன் உதட்டோரத்தில் ஊறி உப்பிய உலர்திராட்சை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

சாந்தாமணி அதை விரலால் எடுத்துப் பார்த்தாள். "சொன்னனேடி, படிச்சுப் படிச்சுச் சொன்னனே!"

"அது காஞ்சதுங்க அம்மிணி. காஞ்சு போச்சுன்னா வெசம் ஏது?" என்றாள் பாக்கியம். முகத்தில் சந்தேகமே இல்லை.

"சாமிக்குப் படைச்சது ஆரைக் கொன்னுருக்குது?" என்றார் அவிநாசியப்பன். "பிரசாதத்துல போய்க் குத்தம் கண்டுபிடிக்கறீங்களே."

ஆட்டோவில் போகும்போதே மேஸ்திரி வாந்தியெடுத்தான். டாக்டர் நவநீதம் மிச்சத்தையும் வாந்தியெடுக்க வைத்தார், முன்காலில் ஊசி செருகிக் குளுக்கோஸ் ஏற்றினார். ஆனால் சாயங்காலம் ஆகியும் அவன் ஒரு சொட்டு மூத்திரம் பெய்யவில்லை. ஏறின தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தால், கண்முன்னாலேயே மரம் துளிர்த்தது. பாட்டில் ஒன்று இறங்க, கிளை ஒன்று நீண்டது. இலைகள் எண்ணெய் தேய்த்தாற்போல் மின்னின, பூங்கொத்து குப்பென்று மணந்தது. அடியில் கிடந்த மேஸ்திரியின் மூக்கு காய்ந்து, கண் உள்ளே போய்விட்டது.

"கிட்னிக்குப் போக வேண்டிய தண்ணியை வேரு குடிக்குதுங்கம்மா" என்றார் டாக்டர். "மரத்தை அறுத்தாத்தான் இவனுக்கு வழி. அறுத்த பொறகு மூத்திரம் போச்சுன்னா பொழச்சான். போகலைன்னா நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை."

விஷயம் எப்படித்தான் தெரிந்ததோ, அடுக்ககம் மொத்தமும் கார்களில் வந்து இறங்கிவிட்டது. வேப்பமரத்தை வெட்டக் கைதூக்கிய அதே கைகள் இப்போது மாமரத்தை வெட்டாதே என்று கூப்பின. பாக்கியம் அழுதாள். நிஜமாகவே கண்ணீர்தான், மூக்குத்தி நனைந்தது. இந்த ஜனத்துக்கு அழத் தெரியும், எதற்காக அழ வேண்டும் என்பதுதான் தெரியாது.

"ஒரு உசிருங்க அது" என்றாள், மரத்தைக் காட்டி.

அவிநாசியப்பன் முன்னால் வந்து, தொண்டையைக் கனைத்து, நியாயம் பேசினார். "யோசிச்சுப் பாருங்க சாந்தாமணி. நாய் போச்சுன்னா நல்ல ஜாதி நாயா சங்கத்துலயே வாங்கித் தர்றோம். இந்த மரம் போச்சுன்னா வருமா? நாயை அப்படியே புல்லுக்குப் பக்கத்துல பொதைச்சா மரம் நெலத்துல வேர் புடிச்சுக்கும். அவனுக்கும் ஒரு பேரா இருக்கும்."

டாக்டர் எலும்பு அறுக்கும் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினார். சாந்தாமணி எழுந்தாள். அவர்கள் முகத்தை எல்லாம் ஒருமுறை பார்த்தாள். இத்தனை வருஷம் இவர்களுக்கு அளவெடுத்தும் இவர்கள் அளவு இன்றைக்குத்தான் சரியாகப் பிடிபட்டது. நாற்காலி போட்டார்கள் என்று இளகிய தன் மனசை நினைத்தபோது அவர்கள் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் அதிகமாக வந்தது. ரம்பத்தை டாக்டர் கையிலிருந்து வாங்கினாள்.

"டாக்டர், இவனைப் புடிச்சுக்கங்க. துணி வெட்டற கை, கோணாது."

அறுத்தாள். மாம்பால் மணம் அறை முழுக்க நிறைந்தது. மேஸ்திரி முனகவில்லை, தூக்கத்தில் பாரம் இறக்கினவன்போல் ஒரு பெருமூச்சு விட்டான். மரம் சாய்ந்ததுதான் தாமதம், கண்ணைத் துடைத்துக்கொண்டே கூட்டம் உள்ளே பாய்ந்தது. காய்க்கு ஒருத்தர், கிளைக்கு ஒருத்தர், இலைக்கு நாலு பேர். சேலைத் தலைப்பு கிழிகிற சத்தம் கேட்டது. தூரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவிநாசியப்பன் வெளியேறினார். மேஜை மேல் கிடந்த நாயை, மரம் இருந்த இடத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்த அந்தச் சின்ன உடம்பை, ஒருத்தராவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

விடிந்து, வெயில் ஏறியும் மூத்திரம் போகவில்லை. சாந்தாமணி அவன் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இடம் பழகினதா இருந்தா ஒருவேளை போவான்" என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பொழுது சாய்றதுக்குள்ள போகலைன்னா கூட்டிட்டு வாங்க, வலியில்லாம முடிச்சுரலாம்."

ஆட்டோ குபேரா கார்டன் வாசலில் திரும்பியபோது உள்ளே மேளம் கேட்டது. பிளாஸ்டிக் புல்லைச் சதுரமாக வெட்டியெடுத்து, குழி தோண்டி, மாமரத்தின் தூரை நட்டிருந்தார்கள். மஞ்சள் துணி, குங்குமம், எலுமிச்சை மாலை எல்லாம் இருந்தன. மிதிக்காதீர் பலகையைப் பிடுங்கிவிட்டு, காலணியுடன் வராதீர் என்று வேறு பலகை வைத்திருந்தார்கள். அவிநாசியப்பன் மைக்கில், மரங்களின் அருமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். "வெட்டினவ வந்துட்டா பாருங்க" என்றாள் பாக்கியம், பக்கத்தில் இருந்தவளிடம். நாய் எப்படி இருக்கிறது என்று ஒரு வாய் கேட்கவில்லை.

சாந்தாமணி ஆட்டோவை விட்டு இறங்கினாள். அவனைத் தூக்கிக் கீழே விட்டாள். மேஸ்திரி நாலு காலும் நடுங்க நின்றான். வீட்டுப் பக்கம் திரும்பினவன், சட்டென்று நின்று, புல்லுக்கு நடுவில் முளைத்திருந்ததைப் பார்த்தான். நேற்றுவரை அங்கே இல்லாத ஒரு தூண். அவனைக் கேட்காமல் யாரோ நட்டிருக்கிறார்கள். அவன் காது நிமிர்ந்தது. அடி அடியாக நடந்து போனான். கூட்டம், மரத்தைப் பிரிந்த பாசத்தில் வருகிறான் என்று உருகி வழி விட்டது. மைக் நின்றது. மேஸ்திரி தூரின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தான். ஒரு சுற்று மோந்தான். இன்னொரு சுற்று மோந்தான். அப்புறம் பின்னங்காலை, விழப்போனவன் சமாளித்துக்கொண்டு, தூக்கினான்.

முதலில் ஒன்றும் வரவில்லை. சாந்தாமணி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டு வந்தது. பிறகு மஞ்சள் துணியும் குங்குமமும் எலுமிச்சை மாலையும் நனைந்து சொட்ட, பிளாஸ்டிக் புல்லில் ஓடி அவிநாசியப்பனின் வெறும் காலைத் தொட்டு நிற்கும்வரை, மேஸ்திரி நிதானமாக, அவசரமே இல்லாமல் பெய்துகொண்டிருந்தான்.

கூட்டத்தில் எல்லோருடைய கையும் கீழே இறங்கிவிட்டது. சாந்தாமணி மட்டும், கண்ணில் தாரையாக வழிவதைத் துடைக்காமல், கைகூப்பி நின்றாள்.